சொன்னபடி கேட்கும் பிள்ளைகள்

திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒரு சாராரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். அறுபதைத் தாண்டிய அம்மா, அவர் முந்தானையை விடாமல் பிடித்தபடி முப்பது வயது மகன். நடை தளர்ந்த அப்பா, அவர் தோளில் சாய்ந்தபடி மகள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அறிவுசார் குறைபாட்டுக்கான மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுபோயிருக்கும், அல்லது நிராமயா காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அல்லது தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க வேண்டியிருக்கும். பேச்சு எங்கே தொடங்கினாலும், "எங்களுக்கப்புறம் இவள யாரு பாத்துப்பாங்க?" என்ற இடத்தில் வந்து நிற்கும்.

நியாயமான கவலைதான். ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, வீட்டிலும் வேனிலும் பள்ளியிலும் விடுதியிலும் இந்தப் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய பாலியல் வன்முறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எந்த விண்ணப்பப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. பெற்றோர் சங்கக் கூட்டங்களில் உதவித்தொகை பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், இந்தப் பேச்சு வந்தால் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை; நினைத்துப் பார்க்கவே கூசுகிற விஷயம் இது. அப்படிக் கூசிக் கூசித்தான் பிள்ளைகளைப் பாதுகாப்பில்லாமல் விட்டிருக்கிறோம்.

ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. 2012-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் நடந்தது. ஏற்கெனவே வெளிவந்திருந்த 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறிவுசார் அல்லது மனநலக் குறைபாடுள்ள குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 4.6 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அந்த 17 ஆய்வுகளும் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் ஏறத்தாழ 50,000 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த சல்லிவனும் நட்சனும், குறைபாடுள்ள குழந்தைகள் கொடுமைக்கு ஆளாவது 3.4 மடங்கு அதிகம் என்று கண்டிருந்தார்கள். 2018-இல் அமெரிக்கப் பொது வானொலி, அந்நாட்டு நீதித்துறையிடமிருந்து பெற்ற புள்ளிவிவரத்தை ஒலிபரப்பியது. அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் பாலியல் தாக்குதலுக்கு ஆளாவது மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்றது அது.

நம் நாட்டில் 2007-இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள், 53.22 சதவீதத்தினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களெல்லாம், கேட்ட கேள்வியைப் புரிந்துகொண்டு வாயால் பதில் சொல்லத் தெரிந்த குழந்தைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 15 லட்சம் பேருக்கும், தமிழ்நாட்டில் சுமார் ஒரு லட்சம் பேருக்கும் அறிவுசார் குறைபாடு உண்டு. அவர்களிடம் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதே நமக்கு இன்னும் கைவரவில்லை.

ஏன் இவர்களுக்கு இவ்வளவு ஆபத்து? புத்தி போதாது, அதனால் ஏமாறுகிறார்கள் என்பதுதான் வழக்கமான பதில். அதில் பாதிதான் உண்மை. மறுபாதி நம் வளர்ப்பில் இருக்கிறது.

சிறப்புப் பள்ளி ஒன்றில் உடை மாற்றக் கற்றுத்தருவதைக் கிட்டே நின்று பாருங்கள். சட்டையைப் பிடி, தலையை நுழை, வலது கையை விடு, இடது கையை விடு என்று ஆசிரியர் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பார். குழந்தைக்குப் புரியாத படியில் அதன் கைமேல் தன் கையை வைத்துச் செய்யவைப்பார். உடல்வழித் தூண்டல் என்று இதற்குப் பயிற்சியில் பெயர். கழிப்பறைப் பழக்கம், குளியல், பல் துலக்குவது, மாதவிடாய் நாப்கின் மாற்றுவது எல்லாமே இப்படித்தான். சொன்னபடி செய்தால் "வெரிகுட்", கைதட்டல், ஒரு மிட்டாய். கையை உதறினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால் "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பேட்டில் ஏறும். முறை தவறானதல்ல, இந்த முறையால்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தானாகச் சாப்பிடவும் உடுத்தவும் கற்றிருக்கிறார்கள். ஆனால் மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை தினமும் இதே பாடத்தைப் படிக்கும் பிள்ளைக்கு இன்னொன்றும் சேர்ந்தே படிகிறது. பெரியவர்கள் யாரும் என் உடம்பின் எந்த இடத்தையும் தொடலாம், நான் அசையாமல் இருந்தால் நல்ல பிள்ளை என்பது அது. தப்பு செய்கிறவனுக்குக் கட்டாயப்படுத்த வேண்டிய வேலையே மிச்சமில்லை.

தமிழ்நாட்டுச் சிறப்புக் கல்வியின் பெருமைகளில் ஒன்று, சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய மெட்ராஸ் மதிப்பீட்டு முறை. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள். நடப்பது, உண்பது, உடுத்துவது, கழிப்பறை, பேச்சைப் புரிந்துகொள்வது, பணம், நேரம், வீட்டுவேலை, ஊருக்குள் போய்வருவது, பொழுதுபோக்கு, தொழில் என்று ஒரு மனிதனின் அன்றாட வாழ்க்கையை அழகாக வரிசைப்படுத்திய பட்டியல் அது. நாடு முழுக்க ஆசிரியர்கள் இதைவைத்துத்தான் பயிற்சித் திட்டம் எழுதப் பழகினார்கள். அந்தப் பதினெட்டில் உடல் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவு கிடையாது. அது உருவான காலத்தில் உலகில் எங்குமே இதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை, ஆகவே உருவாக்கியவர்களிடம் குறை காண முடியாது. அதையே எடுத்தாளும் நாம் இன்றுவரை பத்தொன்பதாவது பிரிவைச் சேர்க்காமலிருப்பதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கனடாவில் டிக் சோப்சி 1994-இலேயே ஒரு முழு நூலாக இதை எழுதினார். குறைபாட்டைவிட, குறைபாடுள்ளவரைச் சுற்றி நாம் கட்டிய ஏற்பாடுகள்தான் வன்முறைக்கு வாசல் திறக்கின்றன என்பது அவர் ஆராய்ந்து சொன்னது. அதே நாட்டின் டேவ் ஹிங்ஸ்பர்கர், மறுக்கும் உரிமையையும் உடலறிவையும் கொடுப்பதுதான் இவர்களுக்குப் பாதுகாப்பு வளையம் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியும் பயிற்றுவித்தும் வந்தார். நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு", "தாத்தா மடியில உக்காரு" என்கிறோம். மற்றக் குழந்தைகளிடம் ஐந்து வயதில் நின்றுபோகும் இந்தக் கட்டளை, இவர்களிடம் இருபத்தைந்து வயதிலும் தொடர்கிறது. "அவ கொழந்த மாதிரிதானே" என்பதுதான் சமாதானம். குழந்தை என்பதால் யார் முன்னாலும் உடை மாற்றுகிறோம், கதவைத் திறந்துவைத்தே குளிப்பாட்டுகிறோம். குழந்தை என்பதால்தான் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லித்தராமலும் இருக்கிறோம். மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போட்டு ஊரைக் கூட்டத் தெரிந்த நமக்கு, அந்தப் பெண்ணிடம் அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று படம் காட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தின் நிலைமையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் இந்தத் தீவில், உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் ரேழி, கூடம், முற்றம் என்று நீண்ட வீடுகளில் பல குடும்பங்கள் கலந்து வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. வாய் பேசாத பிள்ளை தெருவில் இறங்கினால் யார் வீட்டுப் பிள்ளை என்று பூக்காரம்மாவுக்கும் தெரியும், மடப்பள்ளி ஊழியருக்கும் தெரியும். தெருவே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அப்படி வந்ததுதான். அந்த வீடுகள் பலவும் இன்று அடுக்குமாடிகள். மூத்த பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, வயதான தம்பதி, கூடவே வளர்ந்த ஒரு மகனோ மகளோ என்று வாழும் வீடுகளை இங்கே நிறையப் பார்க்கலாம். காவலாளி, லிஃப்ட் பழுது பார்க்கிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், பிசியோதெரபிஸ்ட், பகல்நேரப் பராமரிப்பாளர், பள்ளி வேன் ஓட்டுநர் என்று வந்துபோகிறவர்கள் முன்பைவிட அதிகம். அவர்களைத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் முன்பைவிடக் குறைவு. அம்மா மண்டபத்திலும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் பிள்ளை தொலைந்துபோகும் என்று பயப்படும் பெற்றோர், பிற்பகல் மூன்று மணிக்குத் தாங்கள் கண்ணயரும் நேரத்தில் மாடிப்படியில் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியது 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் வெளிவந்த வழக்கு. அதில் பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமிக்கு இருந்தது செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு அல்ல. ஆனால் நடந்த விதம் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. 11 வயது. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் இயக்கியவர், காவலாளிகள், குழாய் வேலை செய்தவர் என்று அந்த வளாகத்திலேயே நாள்தோறும் புழங்கியவர்கள். மாதக்கணக்கில் நடந்தது, அத்தனை வீடுகளில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வெளியூரிலிருந்து வந்த அக்காவிடம் குழந்தை சொன்னபோதுதான் வெளியே தெரிந்தது. 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் ஐந்து பேருக்கு ஆயுள். அந்தக் குழந்தைக்குச் சொல்வதற்கு ஒரு அக்கா இருந்தாள், சொல்ல மொழியும் இருந்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும். சொல் வராத பிள்ளைக்கு அந்த வழக்கே இருந்திருக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், வேலைக்காரர். முன்பின் தெரியாதவனிடம் ஜாக்கிரதை என்று சொல்லிக்கொடுத்து முடித்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை.

வீட்டில் முடியாதவர்கள் விடுதியை நாடுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் பன்வேல் அருகே மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான இல்லத்தில் நடந்த கொடுமை 2011-இல் வெளிவந்தது. நிறுவனரே 2013-இல் தண்டிக்கப்பட்டார். பீகார் முசாஃபர்பூர் இல்லத்துச் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை 2018-இல் வெளிக்கொண்டுவந்தது போலீசும் அல்ல, துறை அதிகாரிகளும் அல்ல; டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் வெளித் தணிக்கை. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமம் உரிமமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடந்து, 2023 பிப்ரவரியில் 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்ட பிறகுதான் அங்கிருந்த பெண்களின் பாலியல் புகார்கள் பதிவாயின. மூன்றிலும் உள்ளே இருந்தவர்களுக்கு வெளியிலிருந்து வந்து பேசுகிற ஒருவர் இல்லை என்பதுதான் அடிப்படைக் குறை. விடுதியில் சேர்க்கும் பெற்றோர் சாப்பாட்டையும் கட்டிலையும் பார்க்கிறார்கள். இரவில் எத்தனை பெண் ஊழியர்கள் இருப்பார்கள், குளிப்பாட்டுவது யார், முன்னறிவிப்பில்லாமல் நான் வந்து பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் குறைவு. கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

பாதுகாப்பு என்ற பெயரில் நாம் செய்துவந்த வேறு காரியங்களும் உண்டு. 1994-இல் புனே சசூன் மருத்துவமனையில், ஷிரூர் அரசு இல்லத்தைச் சேர்ந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதவிடாய்ச் சுத்தம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கர்ப்பமாகிவிடுமோ என்ற பயம் சொல்லாமல் நின்ற காரணம். நாடே கொதித்தது. ஆனால் நம் ஊர்களில் "கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒரு கவலை விட்டுது" என்று மருத்துவரிடம் கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பெண் மீது கைவைப்பவனுக்கு எந்தத் தடையும் வரப்போவதில்லை. வெளியே தெரிய இருந்த ஒரே அடையாளமும் போய்விடும், அவ்வளவுதான். கோவா வழக்கு ஒன்றில் மகளின் கால் வீங்கியதைப் பார்த்துத்தான் அவள் கருவுற்றிருப்பது பெற்றோருக்கே தெரியவந்தது. 2003-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று தண்டனை உறுதியான வழக்கு அது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விவரம் தெரிந்து தானாகத் தரும் சம்மதம் இல்லாமல் கருவுறாமலாக்கும் சிகிச்சை எதையும் செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இதே வகையைச் சேர்ந்த இன்னொரு தப்பு. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினால் குணமாகும் என்று அழைத்துப் போகிறவர்களும் உண்டு. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. முன்னதுக்கு மருந்து உண்டு. பின்னதுக்கு வேண்டியது பயிற்சியும் துணையும்.

சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே நம் சட்டம் வலுவானது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ, ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. குழந்தையின் மன, உடற்குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யும் குற்றம் கடுமையான குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உட்புகுத்தல் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. போலீஸ் சீருடையில் வரக்கூடாது; குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். குறைபாடுள்ள குழந்தை என்றால் சிறப்பாசிரியரின் உதவியை, அல்லது அதன் பேச்சுமுறை தெரிந்தவரின் உதவியை மாஜிஸ்திரேட்டும் காவல் அதிகாரியும் பெறலாம். நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நேரடியாகக் குழந்தையைக் குடையக்கூடாது. கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும், நீதிபதி கேட்பார். குற்றம் நடந்ததை, அல்லது நடக்கக்கூடும் என்பதை அறிந்த எவரும் போலீசிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் சிறை; நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை. "பள்ளி பேரு கெட்டுடும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்கிற தாளாளர் தானே குற்றவாளி ஆகிறார்.

பதினெட்டாவது பிறந்தநாளன்று இதில் பெரும்பகுதி கைவிட்டுப் போகிறது. டெல்லியில் பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட 38 வயதுப் பெண் ஒருவர் வழக்கில், அவர் மனவயது ஆறிலிருந்து எட்டுதான், ஆகவே போக்சோ நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்று தாயார் உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஜூலை 21 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் ரோகின்டன் நாரிமனும் மறுத்துவிட்டார்கள். சட்டத்தில் வயது என்றால் உடல் வயதுதான். மனவயதைப் புகுத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். பெற்றோர் பலருக்கு இந்தத் தீர்ப்பு மீது வருத்தம் உண்டு. என் கருத்தில் அந்த மறுப்பு சரியானதே. இருபத்தெட்டு வயதுப் பெண்ணை வாழ்நாள் முழுக்க எட்டு வயதென்று சட்டம் முத்திரை குத்தினால், அவள் ஒருவரை விரும்புவதும் மணப்பதும்கூடக் குற்றமாகும். சண்டிகர் அரசு இல்லத்தில் பாலியல் வன்முறையால் கருவுற்ற இளம்பெண் தன் கருவைச் சுமக்க விரும்பியபோது, 2009-இல் இதே உச்ச நீதிமன்றம்தான் அவள் விருப்பத்தை மதித்தது. ஆனால் குழந்தைக்குத் தரும் விசாரணை வசதிகளை வளர்ந்தவருக்கும் தர மனவயதைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. நீதிபதி வழியாகக் கேள்வி, குற்றவாளி கண்ணில் படாத ஏற்பாடு, கூடவே இருக்கும் ஆதரவாளர் ஆகியவற்றை அறிவுசார் குறைபாடுள்ள எந்த வயதினருக்கும் உரியதாக்க ஒரு திருத்தம் போதும். அது இன்னும் வரவில்லை.

வளர்ந்த பெண்களுக்குச் சில வசதிகள் இருக்கின்றன. 2013 திருத்தத்தில் வந்து, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்களிலும் தொடர்பவை அவை. மன, உடற்குறைபாடுள்ள பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தது பத்தாண்டு. புகாரை அவள் வீட்டிலேயே, சிறப்பாசிரியர் துணையோடு, வீடியோவில் பதிய வேண்டும். மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலமே முதல் விசாரணைக்குப் பதிலாகும். எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இவை ஏட்டில் இருந்தாலும் காவல் நிலையங்களை எட்டவில்லை என்பதை 2018-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில் 17 வழக்குகளைத் தொடர்ந்து பார்த்து எழுதியது.

வளர்ந்த ஆண்களின் நிலை இதைவிட மோசம். பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, குறைகளோடாவது, வல்லுறவுக்கு ஆளான ஆணுக்கு ஒரு புகலாக இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு ஈடான பிரிவே இல்லை. 19 வயது அறிவுசார் குறைபாடுள்ள இளைஞனை விடுதியில் ஒருவன் சீரழித்தால், காயப்படுத்தியதாகவும் மாற்றுத்திறனாளியை இழிவு செய்யும் எண்ணத்தோடு தாக்கியதாகவும்தான் வழக்குப் போட முடியும். ஆண் பிள்ளைதானே என்று வேனில் கடைசியாக இறக்கிவிடச் சம்மதிக்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தப் பிள்ளை சொல்வதை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான். எந்தத் தேதி என்று கேட்டால் பதில் வராது. "ஏகாதசி கூட்டம் இருந்துச்சா? ஸ்கூல் லீவா? நீ ஸ்வெட்டர் போட்டிருந்தியா?" என்று கேட்டால் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. வாழ்க்கை முழுக்க ஆமாம் சொல்லிப் பாராட்டு வாங்கிய பிள்ளை, "அந்த மாமா அடிச்சாரா?" என்றாலும் ஆமாம் என்னும், "அந்த மாமா நல்லவரா?" என்றாலும் ஆமாம் என்னும். குறுக்கு விசாரணையில் இந்த இரண்டு ஆமாம் போதும், வழக்கு கலைந்துவிட. ஆகவே ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வியைத் தவிர்த்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று விட்டுப் பிடிக்க வேண்டும், படமும் பொம்மையும் வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும். 2020 டிசம்பரில் தீர்ப்பான இமாச்சலப் பிரதேச வழக்கில், ஐ.க்யூ. 62 உள்ள பெண் சம்மதித்தாள் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விசாரணை நீதிமன்றமோ குற்றவாளியை விடுதலை செய்திருந்தது. 2021 ஏப்ரலில் ஆந்திரப் பார்வையற்ற பெண்ணின் வழக்கில், மாற்றுத்திறனாளியின் சாட்சியம் மற்றவர் சாட்சியத்துக்கு ஒரு படியும் குறைந்ததல்ல என்று நீதிபதிகள் சந்திரசூட்டும் எம்.ஆர். ஷாவும் எழுதி, நீதிபதிகளுக்கும் போலீசுக்கும் பயிற்சி தரச் சொன்னார்கள்.

திருச்சிக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருந்து, சிறப்புக் கல்வியும் மறுவாழ்வும் படித்த பெண்களை ஆண்டுதோறும் அனுப்புகிறது. பிஷப் ஹீபர் கல்லூரியும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் சமூகப்பணி மாணவர்களை உருவாக்குகின்றன. புத்தூர் அரசு மருத்துவமனை இருக்கிறது, மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன, மகளிர் நீதிமன்றம் இருக்கிறது. இவர்களை இணைக்கும் ஒரு பட்டியல் வேண்டும். எந்தச் சிறப்பாசிரியர், எந்த வகைக் குறைபாட்டில் அனுபவமுள்ளவர், இரவில் கூப்பிட்டால் வருவாரா என்ற விவரம் ஒவ்வொரு மகளிர் காவல் நிலைய எழுத்தரின் மேசையிலும் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் நினைத்தால் முடிகிற காரியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி, கொடுமை நடப்பதாகத் தெரிந்த யாரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம், அதாவது வட்டாட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ சொல்லலாம். அவர் மீட்பு உத்தரவு போடலாம். ஸ்ரீரங்கத்துக்கென்று வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் இருக்கிறார்கள். இந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகத் தெரிந்தவர்கள்தான் மிகக் குறைவு.

பள்ளியில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அமெரிக்காவில் லெஸ்லி வாக்கர்-ஹிர்ஷும் மார்க்லின் சாம்பெய்னும் உருவாக்கிய வட்டப் பயிற்சியைத் தரையில் சாக்பீஸால் போடலாம். நடு வட்டத்தில் பிள்ளையின் சொந்தப் புகைப்படம். அடுத்ததில் அம்மா, அப்பா: கட்டிப்பிடிக்கலாம். அதற்கடுத்து அத்தை, சித்தப்பா, ஆசிரியர்: கை கொடுக்கலாம். வெளியே வேன் அண்ணன், பூக்காரம்மா, கோயில் பட்டர்: கும்பிட்டால் போதும். படத்தைக் கையில் கொடுத்து எந்த வட்டம் என்று வைக்கச் சொல்ல வேண்டும், மாதக்கணக்கில், நாள்தோறும். யாராவது வட்டம் தாண்டினால் "வேண்டாம்" என்று கையை நீட்டப் பழக்க வேண்டும். அம்மாவே ஆனாலும் பிள்ளை வேண்டாம் என்றால் அந்த நேரம் விட்டுவிட வேண்டும். இது பெற்றோருக்குக் கசக்கும். ஆனால் வீட்டில் ஒருமுறையும் செல்லுபடியாகாத மறுப்பு வேனில் எப்படிச் செல்லும்? குளிப்பாட்டும் முன் "துணிய எடுக்கட்டுமா?" என்று கேட்பதும், தலையசைத்த பிறகு எடுப்பதும், உடல் உறுப்புகளின் பெயரை வெட்கப்படாமல் சொல்லிக்கொடுப்பதும் செலவில்லாத காரியங்கள். பேச்சு வராத பிள்ளைக்கான படஅட்டைத் தொகுப்பில் பசி, தண்ணீர், பாத்ரூம் இருக்கும். பிறப்புறுப்புப் படமும் "வலிக்குது", "தொட்டாங்க" அட்டைகளும் இருக்காது. அவற்றை இந்த வாரமே சேர்க்கலாம். சென்னையில் வித்யா ரெட்டியின் துளிர் அமைப்பு 2004 முதல் குழந்தைப் பாலியல் கொடுமைத் தடுப்பில் பணியாற்றி வருகிறது. அந்த அனுபவத்தைத் தமிழில் சிறப்புப் பள்ளிகளுக்கென்று கொண்டுவர நம் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திடீரென்று வேனில் ஏற மறுப்பது, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒடுங்குவது, தூக்கம் கெடுவது போன்றவற்றை "இவளுக்கு இப்படித்தான் அப்பப்ப வரும்" என்று குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் துணியைத் துவைக்காமல் எடுத்துவையுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குழப்பாதீர்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். மருத்துவமனையில் திருப்பி அனுப்பினாலும் விடாதீர்கள். சிகிச்சை தர மறுப்பது சட்டப்படி குற்றம். பதினெட்டுக்குக் கீழே என்றால் 1098, வளர்ந்த பெண் என்றால் 181, யாராக இருந்தாலும் 112. மூன்றும் இரவும் பகலும் இயங்கும் எண்கள், கட்டணம் கிடையாது.